ஆழமான தீக்காயமும் அதற்கான ஆராய்ச்சியும்: வார்டு வாசலில் என்னிடம் கேட்ட கேள்விகள்

கொங்கு மண்ணில் நெருப்போடு புழங்காத தொழில் குறைவு. கவுந்தப்பாடிப் பக்கம் கொப்பரையில் கரும்புப் பாகு கொதிக்கிறது. கோவைப் பவுண்டரிகளில் இரும்பு உருகுகிறது. திருப்பூர், பெருந்துறைச் சாயப் பட்டறைகளில் பாய்லர் இரவும் பகலும் ஓடுகிறது. இவற்றோடு வீட்டுச் சமையலறையும் தீபாவளியும் சேர்ந்துகொள்கின்றன. தீக்காயப் பிரிவில் செவிலியராக 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிச் சில ஆண்டுகளில், ஆய்வுகளில் சேர்வோரின் குடும்பத்தாருக்குச் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டும் பொறுப்பும் என்னிடம் வந்தது. வாசித்து முடித்ததும் படிவத்தில் இல்லாத கேள்விகள் வரும். தயங்கித் தயங்கி, வாசல் தூணோரம் நின்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு அன்று அவசரத்தில் சொன்ன பதில்களை இப்போது பொறுமையாக எழுதுகிறேன்.

ஆழமான காயம் என்று எதைச் சொல்கிறார்கள்? எங்கள் அப்பாருவுக்கு வலியே இல்லை என்கிறாரே, அது நல்லதுதானே?

இல்லை. இதை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வலி இல்லை என்பதை நம்பி இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தோலுக்கு மேலடுக்கு, உள்ளடுக்கு என்று இரண்டு உண்டு. அதற்குக் கீழே கொழுப்பு. மேலடுக்கு மட்டும் வெந்தால் சிவந்து எரியும், சில நாளில் ஆறிவிடும். உள்ளடுக்கின் மேற்பகுதிவரை வெந்தால் கொப்புளம் எழும், தொட்டாலே உயிர் போகும், ஆனால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் ஆறும். உள்ளடுக்கின் அடிவரை போனது ஆழமான காயம். முழுத் தோலும் போனால் அந்த இடம் வெள்ளையாகவோ, பழுப்பாகவோ, பதனிட்ட தோல்போல விறைத்தோ இருக்கும். வலியைச் சொல்லும் நரம்பும் சேர்ந்து வெந்துவிட்டதால்தான் வலி தெரிவதில்லை.

தோல் மறுபடி முளைக்க விதைபோல் இருப்பவை மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும். அவை உள்ளடுக்கில் புதைந்திருக்கின்றன. அவையும் வெந்துவிட்டால் நடுவிலிருந்து தோல் வளராது, ஓரத்திலிருந்துதான் ஊர்ந்து வர வேண்டும். பெரிய காயத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. கையளவுக்கு மேல் ஆழமாக வெந்தால் வெளிச்சிகிச்சையோடு விடக் கூடாது. விரல்களோடு சேர்த்து நோயாளியின் உள்ளங்கை அவர் உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அதை வைத்தே அளவைக் கணக்கிடலாம்.

சுட்டவுடன் என்ன செய்வது?

குழாயைத் திறந்து 20 நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள். சாதாரணத் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம். தவறவிட்டால் 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் 2,495 குழந்தைகளின் சிகிச்சைக் குறிப்புகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள்: 20 நிமிடம் ஓடும் நீர் கிடைத்த குழந்தைகளில், தோல் ஒட்டும் அறுவை தேவைப்பட்டவர்கள் கணிசமாகக் குறைவு. ஒரு ரூபாய் செலவில்லாத வைத்தியம் அறுவையையே தவிர்க்கிறது என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

இட்லி மாவு, பற்பசை, பேனா மை, முட்டை வெள்ளை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். அவற்றைக் கழுவி எடுக்கவே நாங்கள் அரை மணி நேரம் போராடியிருக்கிறோம், அந்த அரை மணி நேரமும் நோயாளி கத்தியிருக்கிறார். வெல்லப் பாகு பட்டால் அது தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் வைத்திருக்கும். பிய்க்காதீர்கள், தண்ணீரிலேயே இளகட்டும். பரப்பு பெரிதாக இருந்தாலோ, குழந்தையாக இருந்தாலோ உடல் குளிர்ந்துவிடாமல் மற்ற இடங்களைப் போர்த்துங்கள். பிறகு சுத்தமான துணியால் மூடி, 108.

மூன்று நாளாகியும் டாக்டர் ஆழத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை. தெரியாமல்தான் வைத்தியம் பார்க்கிறார்களா?

காயம் முதல் இரண்டு மூன்று நாளில் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் காரணம். டக்ளஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1953இல் இதை விளக்கினார். நடுவில் செத்த பகுதி. அதைச் சுற்றி, ரத்த ஓட்டம் தடுமாறி வாழ்வா சாவா என்று நிற்கும் பகுதி. வெளியே சிவந்து வீங்கினாலும் பிழைத்துவிடும் பகுதி. தடுமாறி நிற்கும் அந்த நடு வளையத்தைக் காப்பாற்றுவதுதான் முதல் நாட்களின் போராட்டம். போதிய திரவம் ஏற்றாவிட்டாலும், கிருமி புகுந்தாலும் அது செத்த பகுதியோடு சேர்ந்துகொள்ளும். திங்கட்கிழமை கொப்புளமாக இருந்தது வியாழக்கிழமை ஆழக் காயமாக ஆவது இப்படித்தான்.

அனுபவப்பட்ட மருத்துவரின் கண்ணும் ஆழத்தைக் கணிப்பதில் நான்கில் ஒரு தடவை, சில நேரம் அதற்கு மேலும் தவறும். லேசர் ஒளியால் தோலடி ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவி இருக்கிறது; 48 மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தால் கண்ணைவிட மிகத் துல்லியம். விலை அதிகம் என்பதால் எல்லா இடத்திலும் இல்லை.

வெள்ளைக் களிம்பு போட்டு வருகிறார்கள். அது போதாதா?

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் அந்த வெள்ளைக் களிம்புதான் எங்களுக்கு எல்லாம். சில்வர் சல்ஃபாடையசின் என்று பெயர், 1968இல் வந்தது. அது வருவதற்கு முன் தீக்காயத்தில் கிருமி புகுந்து இறந்தவர்களை நினைத்தால் அதை லேசாகப் பேச மனம் வராது. ஆனால் 2013இல், ஓரளவு ஆழமுள்ள காயங்களுக்கான கட்டுகளை ஒப்பிட்ட சோதனைகளை எல்லாம் காக்ரேன் அமைப்பு சேர்த்து எடைபோட்டது. சிலிக்கோன் பூசிய கட்டு, வெள்ளி ஊறிய கட்டு முதலானவற்றைவிட அந்தக் களிம்பு போட்ட காயங்கள் தாமதமாகவே ஆறின என்று தெரிந்தது. தினம் வழித்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டியிருப்பதும் ஒரு துன்பம். புதிதாக முளைத்த மெல்லிய தோலும் அதோடு வந்துவிடும்.

நானும் அந்தக் களிம்பை ஆயிரக்கணக்கான முறை என் கையால் பூசியிருக்கிறேன், நல்லது என்று நம்பித்தான் பூசினேன். நம்பிக்கை வேறு, சான்று வேறு என்று நான் கற்றுக்கொண்ட இடம் அதுதான்.

எப்படியானாலும், முழு ஆழக் காயத்தை எந்தக் களிம்பும் ஆற்றாது. களிம்பு கிருமியைத் தடுக்கும், அவ்வளவே.

கருகிய தோலைச் சீக்கிரம் வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். தானாக உதிரட்டும் என்று விட்டால் என்ன?

முன்பு அப்படித்தான் விட்டார்கள். மூன்று வாரம், நான்கு வாரம் காத்திருந்து, செத்த தோல் கிருமியால் அழுகிக் கழன்ற பிறகு ஒட்டுப் போட்டார்கள். அந்த வாரங்களில் பலர் இறந்தார்கள். யுகோஸ்லாவியாவாக இருந்த நாட்டின் மாரிபோர் என்ற சிறு நகரத்தில் ஸோரா யான்ஷெகோவிச் என்ற பெண் மருத்துவர், செத்த தோலைத் தாள் தாளாகச் சீவி, ரத்தம் புள்ளி புள்ளியாகத் துளிர்க்கும் உயிருள்ள அடுக்கு வந்ததும் நிறுத்தி, அப்போதே ஒட்டுப் போட்டார். 1970இல் அதை எழுதி வெளியிட்டார். உலகம் அந்த நகரத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டது. இன்று எந்த நல்ல தீக்காயப் பிரிவிலும் முதல் சில நாட்களிலேயே இந்த அறுவை செய்யப் பார்ப்பது அவரால்தான்.

ஒட்டுக்கான தோலைப் பெரும்பாலும் தொடையிலிருந்து மெல்லிய தாளாகச் சீவி எடுப்பார்கள். எடுத்த இடம் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆறும். வேண்டுமானால் அங்கிருந்தே மறுபடி எடுக்கலாம். தோல் பற்றாதபோது வலைபோலக் கீறி இழுத்து அகலமாக்குவார்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் அந்த வலைக் கண்கள் தெரிவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் கிடக்கும் காயம் தடித்த வடுவாகும், மூட்டில் இருந்தால் சுருங்கி இழுக்கும். கழுத்துக் காயத்தை ஒட்டுப் போடாமல் ஆறவிட்டு, தாடை நெஞ்சோடு ஒட்டிப்போய் ஆறு மாதம் கழித்து வந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. அறுவைக்கு முதலில் சம்மதிக்காமல் அழைத்துப்போனவர்கள் அவள் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர்கள்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஆராய்ச்சி எதற்கு?

உடலில் பாதிக்கு மேல் வெந்தவருக்கு ஒட்ட நல்ல தோல் எங்கே மிச்சம்? வெட்டும்போது போகும் ரத்தம் எவ்வளவு? உயிர் பிழைத்தவரின் வடுவுக்கு என்ன செய்வது? இந்த மூன்றுக்கும் இன்னும் முழு விடை இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மிதமாகவோ கடுமையாகவோ தீக்காயம் அடைவதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

சில ஆய்வுகளைச் சொல்கிறேன். அன்னாசிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நொதி செத்த தோலை மட்டும் கரைக்கும். உயிருள்ளதைப் பெரும்பாலும் விட்டுவிடும். நான்கு மணி நேரம் பூசி வைத்து வழித்தெடுக்கிறார்கள். 175 பேரிடம் நடந்த சோதனையில், நொதி பூசியவர்களில் 93 சதவீதம் பேருக்குச் செத்த தோல் ஏறக்குறைய முழுவதும் நீங்கியது. மருந்து இல்லாத வெறும் களி பூசியவர்களில் 4 சதவீதம் பேருக்கே நீங்கியது. ஐரோப்பாவில் 2012இலும் அமெரிக்காவில் 2022இலும் அதற்கு அனுமதி கிடைத்தது. கத்தி படாமல், ரத்தம் அதிகம் போகாமல் செத்த தோல் நீங்குவது பெரிய விஷயம். பூசும்போது வலிக்கும், அதற்குத் தனியாக வலி மருந்து தர வேண்டும்.

தபால்தலை அளவு தோலை எடுத்து, செல்களைப் பிரித்து ஒரு கரைசலில் கலந்து காயத்தின் மேல் தெளிக்கும் முறை இன்னொன்று. எடுத்த அளவைப் போல 80 மடங்கு பரப்பை மூடலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஃபியோனா வுட், மேரி ஸ்டோனர் இருவரும் உருவாக்கியது. 2002இல் பாலித் தீவில் குண்டு வெடித்தபோது காயம்பட்டவர்களுக்கு வுட் குழுவினர் வைத்தியம் பார்த்ததால் உலகம் அறிந்தது. மிக ஆழமான காயத்தில் வலை ஒட்டோடு சேர்த்தே தெளிக்கிறார்கள், அது தனியாக ஒட்டுக்கு மாற்று ஆகாது.

ஆய்வகத்தில் வளர்த்த தோலும் உண்டு. 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடலில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்த இரண்டு சிறுவர்களின் சொந்தச் செல்களிலிருந்தே தோல்படலம் வளர்த்து மூடினார்கள், பிழைத்தார்கள். அதைப் படித்த நாளில் வார்டில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஆனால் வளர மூன்று நான்கு வாரம் ஆகும், படலம் மெலிது, கிருமி பட்டால் உடனே போய்விடும். வேறொருவர் செல்லில் வளர்த்து உறைநிலையில் தயாராக வைத்திருக்கும் தோல் ஒன்றை அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. 71 பேரிடம் நடந்த இறுதிக்கட்டச் சோதனையில் 59 பேருக்கு, அது வைத்த இடம் சொந்தத் தோலை ஒட்டாமலேயே மூன்று மாதத்தில் மூடியிருந்தது. உள்ளடுக்கில் கொஞ்சமாவது உயிர் மிஞ்சியிருக்கும் ஆழக் காயத்துக்குத்தான் அது. முழுத் தோலும் போன இடத்துக்கு அல்ல. இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள் தலைப்புகள் சொல்வதில்லை.

தேன், வாழையிலை, மீன் தோல் என்று செல்போனில் வருகிறதே, உண்மையா?

மூன்றுமே உண்மையான ஆய்வுகள். எந்தக் காயத்துக்கு என்பதை மட்டும் அந்தத் துண்டுச் செய்திகள் விழுங்கிவிடுகின்றன.

தேனைப் பற்றி மகாராஷ்டிரத்தின் அறுவை மருத்துவர் சுப்ரமண்யம் 1991இல் 104 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், மேலோட்டமான காயங்கள் வெள்ளைக் களிம்பைவிடத் தேனில் நன்றாக ஆறின. பின்னர் காக்ரேன் மதிப்பீடும் ஓரளவு ஆழமுள்ள காயங்கள் தேனில் சில நாள் முன்னதாக ஆறுவதாகவே சொன்னது. இதுவரைதான் செல்போனில் வரும். அதே சுப்ரமண்யம் 1999இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார்: மிதமான தீக்காயம் பட்டவர்களில் ஒரு பாதிப் பேருக்குத் தேன்கட்டு, மறுபாதிப் பேருக்குச் சீக்கிரமே சீவி எடுத்துத் தோல் ஒட்டு. வென்றது ஒட்டு. தேனின் புகழைப் பரப்பியவரே தேனுக்கு எல்லை எது என்று தேடிப்போய்க் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார். தன் கருத்துக்கு எதிராகச் சோதனை வைக்கும் இந்த நேர்மைதான் ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த சிறந்த விளக்கம். மருத்துவமனையில் பயன்படும் தேன் கிருமி நீக்கியது. சென்னிமலையிலோ பர்கூர் மலையிலோ எடுத்த தேனை நேரே ஊற்றாதீர்கள்.

வாழையிலை ஆய்வு மும்பையில் நடந்தது, 2003இல் வெளியானது. இலையை நீராவியில் கிருமி நீக்கிக் காயத்தின் மேல் வைத்தார்கள். கொப்புளக் காயத்திலும் தோல் சீவி எடுத்த இடத்திலும் ஒட்டிக்கொள்ளாமல், வலிக்காமல் கழன்று வந்தது. வாஸ்லைன் தடவிய துணியைவிட நோயாளிகளுக்குச் சுகமாக இருந்தது. சத்தியமங்கலமும் கோபியும் வாழைத்தோட்டங்களால் நிறைந்த ஊர்கள். இங்கே அதைத் தொடர்ந்து ஆராய யாராவது முன்வர வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. கவனியுங்கள், இலை ஒரு நல்ல போர்வை. செத்த தோலை அது நீக்காது, புதுத் தோலைக் கொண்டுவராது.

மீன் தோல் பிரேசிலில் இருந்து வந்தது. நம் மேட்டூர், பவானிசாகர் அணைகளில் கிடைக்கும் ஜிலேபி கெண்டையேதான். அதன் தோலில் கொலாஜன் அதிகம், ஈரம் காக்கும். ஃபோர்ட்டலேசா நகரத்தில் 115 பேரிடம் நடந்த சோதனையில் கட்டு மாற்றுவது குறைந்தது, வலி குறைந்தது. அதுவும் மேலோட்டமான காயத்தில்தான். அதுவும் கிருமி நீக்கிப் பதப்படுத்திய தோல். சந்தையில் வாங்கியதை அல்ல.

எங்கள் அண்ணனை வைத்துச் சோதனை செய்து பார்க்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் நியாயமானது. ஏழை எளியவரைக் கேட்காமல் சோதித்த வரலாறு உலகம் முழுவதும் உண்டு. அதனால்தான் இன்று சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஓர் ஆய்வுக்கு முதலில் அறநெறிக் குழு அனுமதி தர வேண்டும். குறைந்தது 7 பேர். அவர்களில் பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். மருத்துவம் படிக்காத பொதுமகன் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவராவது அதில் இருக்க வேண்டும்.

அண்ணனுக்குத் தரப்போவது உலகில் முதன்முறையாக மனிதனுக்குத் தரப்படுவதா, ஏற்கெனவே பலரிடம் பார்த்துவிட்டு இரண்டில் எது மேல் என்று ஒப்பிடுவதா? நேராகக் கேளுங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் வகை.

குலுக்கல் முறையில் பிரிப்போம் என்கிறார்கள். உயிர் விஷயத்தில் குலுக்கலா?

எது மேல் என்று உண்மையாகவே தெரியாதபோதுதான் குலுக்குகிறார்கள். டாக்டர் தேர்ந்தெடுத்தால், அறியாமலே தேறக்கூடியவர்களுக்குப் புது மருந்தையும் மற்றவர்களுக்குப் பழையதையும் கொடுத்துவிடுவார், முடிவு பொய்யாகும். இரண்டு பிரிவுக்கும் அடிப்படை வைத்தியம் ஒன்றே. திரவம், வலி மருந்து, சாப்பாடு எதுவும் குலுக்கலில் இல்லை.

தீக்காயத்துக்கு ஒரு வசதி உண்டு. ஒரே ஆளின் உடலில் ஒரே ஆழமுள்ள இரண்டு இடங்களை எடுத்து, ஒன்றில் புதியதும் மற்றொன்றில் பழையதும் வைத்துப் பார்க்கலாம். வயது, சர்க்கரை, சாப்பாடு எல்லாம் இரண்டுக்கும் பொது. மேலே சொன்ன 71 பேர் ஆய்வு அப்படி நடந்ததுதான்.

அவர் மயக்கத்தில் இருக்கிறார். யார் கையெழுத்துப் போடுவது? எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாதே.

சட்டப்படி அவர் சார்பில் பேசக்கூடிய உறவினர் போடலாம். நினைவு திரும்பியதும் அவரிடமே கேட்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் முடிவுவரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும். கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை, சலுகை அல்ல. குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து, 7 வயதுக்கு மேல் என்றால் குழந்தையின் இசைவும் வேண்டும்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தீக்காயத்தோடு வரும் பெண்களிடம் சம்மதத்தைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். "ஸ்டவ் வெடித்தது" என்று கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்ன பெண்கள், ஆள் இல்லாத நேரத்தில் வேறு சொல்லியிருக்கிறார்கள். ஆய்வில் சேர்வதோ சேராததோ கணவன், மாமியார் முடிவாக இருக்கக் கூடாது. காவல்துறைக்குத் தகவல் போவது மருத்துவமனையின் தனி நடைமுறை. ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆய்வில் சொன்னது வெளியே போகக் கூடாது. உதவி தேவைப்படும் பெண்கள் 181ஐ அழைக்கலாம்.

மறுத்தால் வைத்தியம் நின்றுவிடுமா? சேர்ந்தால் பணம் தருவார்களா?

நிற்காது. நடுவில் விலகினாலும் நிற்கக் கூடாது. வேறு மாதிரி யாராவது பேசினால் அறநெறிக் குழுவிடம் சொல்லுங்கள், தொடர்பு எண் படிவத்தில் இருக்கும். ஒருமுறை ஓர் இளம் மருத்துவர் "இதில் சேர்ந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு தாயிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்படியானால் சேராதவர்களை? அன்றே நான் மேலே எழுதிக் கொடுத்தேன்.

புதிய மருந்து ஆய்வால் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும், ஆய்வே காரணம் என்று தெரிந்தால் இழப்பீடும் விதியிலேயே இருக்கின்றன. பயணப்படி கிடைக்கும். அதற்கு மேல் பெரிய தொகை காட்டி அழைத்தால் சந்தேகப்படுங்கள்.

நடக்கும் ஆய்வு உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் 2007 முதல் இயங்குகிறது. 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகளை முன்கூட்டியே அங்கே பதிவுசெய்வது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கல்லூரியில் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர், எதை அளக்கிறார்கள் எல்லாம் இருக்கும். எண் தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆய்வு தோற்றால் நாங்கள் பட்ட பாடு வீண்தானே?

குளூட்டமின் என்ற சத்தைக் கடும் தீக்காயத்துக்குப் பல ஆண்டுகள் நம்பிக்கையோடு கொடுத்தார்கள். பல நாடுகளில் 1,200 பேருக்கு மேல் சேர்ந்த பெரிய சோதனையின் முடிவு 2022இல் வந்தது: பயன் இல்லை. அந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் சேராமல் இருந்திருந்தால், பலன் தராத பொருளுக்கு எத்தனையோ குடும்பங்கள் இன்றும் செலவழித்துக்கொண்டிருக்கும்.

இறந்தவர் தோலை எடுத்து வைக்கிறார்களாமே?

ஆம், தோல் தானம். கோவையிலும் தோல் வங்கி இருக்கிறது. இறந்து 6 மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகிலிருந்து மெல்லிய மேல்தாள் மட்டும் எடுக்கிறார்கள். ரத்தம் வழியாது, உருவம் கெடாது, முக்கால் மணி நேரத்தில் முடியும். சீர், நீர்மாலை எதற்கும் தடையில்லை. ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. கிளிசராலில் வைத்தால் 5 ஆண்டுவரை கெடாது. பெற்றவர் உடலில் அது நிலைத்திருக்காது, இரண்டு மூன்று வாரத்தில் உடல் தள்ளிவிடும். ஆனால் அந்த இரண்டு மூன்று வாரம்தான் பாதி உடல் வெந்தவருக்குக் கிடைக்கும் உயிர்ப் பிச்சை. அதற்குள் அவர் தொடைத்தோல் ஆறி மறுபடி எடுக்கத் தயாராகிவிடும். கண் தானத்துக்கு முன்வரும் நம் ஊர்க்காரர்களிடம் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். வடுவை அழுத்தி வைக்கத் தந்த இந்த இறுக்கமான உடையை எத்தனை நாள் போட வேண்டும்? சித்திரை வெயிலில் முடியவில்லை.

குளிக்கும் நேரம் தவிர ஏறக்குறைய நாள் முழுவதும், பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேல். திருப்பூர் வெயிலில் அது எவ்வளவு கொடுமை என்று தெரியும். பயன் உண்டா என்று அமெரிக்காவில் 12 ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். முன்கையில் வெந்தவர்களுக்கு ஒரே உறையில் ஒரு பாதி இறுக்கமாகவும் மறுபாதி தளர்வாகவும் தைத்துக் கொடுத்தார்கள். இறுக்கிய பாதியில் வடு மென்மையாகவும் தட்டையாகவும் ஆனது, ஆனால் தடித்த வடு உள்ளவர்களிடம்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. எனவே உங்கள் வடு எந்த வகை என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். இரண்டு செட் தைத்து மாற்றி மாற்றித் துவையுங்கள், ஆறிய வடுவில் தேங்காய் எண்ணெய் தடவியதும் உடனே போடாமல் கொஞ்சம் ஊறவிட்டுத் துடைத்துப் போடுங்கள். அரிப்பு தாங்காவிட்டால் கழற்றி எறிவதற்கு முன் வார்டுக்கு ஒரு போன் செய்யுங்கள், அரிப்புக்கு மருந்து இருக்கிறது.